கை வேர்வைக்கு ஊசி: தீபாவளி போனஸை அதில் போடலாமா?

அவிநாசிப் பக்கமிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். மாதச் சம்பளம் 19,000 ரூபாய். இரண்டாம் வகுப்பிலிருந்தே இரண்டு உள்ளங்கையும் வேர்க்கிறது. சிலேட்டில் எழுதியது கை பட்டே அழிந்துபோகும். பத்தாம் வகுப்புப் பரீட்சையை, கைக்குக் கீழே கர்ச்சீப் விரித்து எழுதியிருக்கிறார். இப்போது வெள்ளைத் துணியிலோ வெளிர் நிறத்திலோ சாம்பிள் தைத்தால் கை பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. "பீஸைத் தச்சியா, தொவைச்சியா?" என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்கிறார். காட்டன் கையுறை போட்டால் துணியின் விளிம்பு விரலுக்குப் பிடிபடுவதில்லை. கம்பெனி வாசலில் விரல் வைக்கிற மெஷின் இவரை மட்டும் நாலு முறை துடைத்துவிட்டு வரச் சொல்கிறது.

தை மாதம் கல்யாணம். நிச்சயத்தன்று பெண் வீட்டு மாமன்மார் கை கொடுக்க வந்தபோது கும்பிடு போட்டே சமாளித்திருக்கிறார். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கெத்து சாஸ்தியாட்ட இருக்குது" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அம்மா, "ஒடம்புச் சூடு சாமி" என்று எண்ணெய்க் குளியலும் வெந்தயமும் விடாமல் பார்த்துக்கொள்கிறார். கூட்டாளி சொன்னாரென்று, லாட்ஜில் ரூம் எடுத்து மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் 'நரம்புத் தளர்ச்சி' வைத்தியரிடமும் போயிருக்கிறார். கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்ததுதான் காரணம், இதைச் சரி செய்யாமல் கல்யாணம் செய்தால் தாம்பத்தியமே நடக்காது என்று பயமுறுத்தி லேகியம் விற்றிருக்கிறார் அவர். இது போதாதென்று மருந்துக்கடையில் 'டென்ஷன் குறைய' என்று கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையையும் விசேஷங்களுக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறார். சின்ன வயதில் வீசிங் இருந்தது. இப்போதும் பஞ்சுத் தூசியில் நெஞ்சு இறுக்குகிறது என்கிறார்.

கடைசியாக ஒரு தோல் கிளினிக்கில் போடாக்ஸ் ஊசி பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கைக்கும் சேர்த்து 45,000 ரூபாய், "ஒரே சிட்டிங்கில் தீர்ந்துடும்" என்றார்களாம். தீபாவளி போனஸையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கட்டிவிடலாமா என்று கேட்கிறார். அது விஷமாமே, குழந்தை பிறப்பதைக் கெடுக்குமா? வேர்வையை அடைத்தால் கழிவு உள்ளேயே தங்காதா? ஆபரேஷன் செய்தால் ஒரேயடியாக நிற்குமாமே? கட்டிக்கப் போகிற பெண்ணிடம் சொல்வதா, மறைப்பதா?

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி ஏமாற்று வேலை இல்லை, நல்ல மருந்துதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டியது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வைத்தியங்கள் எதையும் நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. தவிர, கட்டைவிரலை நம்பிப் பிழைக்கிறவர் நீங்கள். அந்தக் கணக்கை அந்த கிளினிக்கில் யாரும் போட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

இன்றோடு நிறுத்த வேண்டியவை

புரோப்ரனலால் மாத்திரையை இனிப் போடாதீர்கள். படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது குறைக்கும், வாஸ்தவம். ஆனால் வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கி, ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடக்கூடிய மாத்திரை அது. நீங்கள் எப்போதாவது ஒன்று போட்டவர் என்பதால் அப்படியே விட்டுவிடலாம். இதைப் படிக்கும் வேறு யாராவது இருதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தினமும் சாப்பிட்டுவந்தால் அவர்கள் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக்கூடாது. லேகியத்தையும் மூடி வையுங்கள். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை; முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று டப்பாவில் ஒரு வரிகூட இல்லாத மருந்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் நரம்பு தளரவில்லை

கைப்பழக்கத்துக்கும் கை வேர்வைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. இரண்டாம் வகுப்பில் சிலேட்டு நனைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வைத்தியர் சொல்லும் 'காரணம்' விடலைப் பருவத்தில் வந்தது. விளைவு முன்னால் வந்து, காரணம் பின்னால் வருமா? தாம்பத்தியம் நடக்காது என்பதும் பயத்தை விற்கிற பேச்சு. கை வேர்வை ஆண்மையைத் தொடுவதே இல்லை. வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டிருந்தால் இந்தப் பயத்தோடு மணவறையில் உட்கார்ந்திருப்பீர்கள், கேட்டது நல்லதாயிற்று.

உள்ளபடி நடப்பது இதுதான். உள்ளங்கையில் வேர்வைச் சுரப்பிகள் எல்லாருக்குமே நெருக்கமாக இருக்கும். உங்களுக்கு அவை கூடுதலாக இல்லை, வீங்கியும் இல்லை. அவற்றைச் சுரக்கச் சொல்கிற நரம்புதான் தேவைக்கு மேல் கட்டளை அனுப்புகிறது. கிணற்று மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சும்மா சும்மா விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளர்ச்சிக்கு நேர் எதிர் இது. உடம்புச் சூடும் இல்லை. அதனால்தான் மார்கழிக் குளிரிலும் கை நனைகிறது. பயந்த சுபாவமும் காரணம் இல்லை. பதற்றம் வந்தால் கூடும் என்பது உண்மை, ஆனால் வேர்த்துவிடுமோ என்ற பதற்றமே வேர்க்கவும் வைக்கும். எது முந்தி என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் சுற்றிக்கொள்ளும்.

நூற்றில் இரண்டு மூன்று பேருக்காவது இப்படி ஏதோ ஓர் இடத்தில் அளவுக்கு மீறி வேர்க்கிறது. உங்கள் அத்தைக்கும் களை எடுக்கும்போது கொத்துப் பிடி வழுக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். சிறு வயதில் தொடங்கியது, இரண்டு கையிலும் ஒரேபோல் இருப்பது, பாதத்திலும் இருப்பது, குடும்பத்தில் இன்னொருவருக்கு இருப்பது, தூங்கும்போது காய்ந்துவிடுவது ஆகிய ஐந்தும் சேர்ந்தால் பெரும்பாலும் வேறு நோய் எதையும் தேட வேண்டியதில்லை. தூக்கத்தில் கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இன்று இரவு நீங்கள் அசந்த பிறகு அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள் மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பெரியவரான பிறகு புதிதாகத் தொடங்கும் வேர்வை, ஒரு பக்கம் மட்டும் வருவது, ராத்திரி படுக்கை நனைவது, எடை குறைவது, படபடப்போடு உடம்பு முழுக்க வேர்ப்பது இவையெல்லாம் வேறு கதை. அவர்கள் தோல் டாக்டருக்கு முன்னால் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கழிவு தங்கும் என்ற சந்தேகத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். கழிவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வேர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. இரண்டு உள்ளங்கை உடம்புத் தோலில் சிறு பங்குதான். அங்கே வேர்வை நின்றால் உடம்புக்கு எதுவும் குறைந்துவிடாது.

ஊசிக்கு முன்னால் இருக்கும் படிகள்

முதல் படி, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்து. 20 சதவீதக் கரைசல் பரவலாகக் கொடுப்பது. ராத்திரி படுக்கப் போகும்போது, கை நன்றாகக் காய்ந்திருக்கையில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக்கையில் பூசினால் எரிச்சல்தான் மிஞ்சும். நிறையப் பேர் இதில் தவறி 'மருந்து ஒத்துக்கவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். அக்குளில் கேட்கிற அளவுக்கு உள்ளங்கையில் இது கேட்காது, தோல் தடிப்பு அப்படி. ஆனாலும் சில வாரம் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படியில்தான் எனக்கு உங்களைப் பொறுத்தவரை அதிக நம்பிக்கை. அயன்டோஃபோரஸிஸ் என்று பெயர். ஆழமில்லாத இரண்டு தட்டில் சாதாரணக் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு மின்தகடு. உள்ளங்கை மூழ்கும் அளவு கையை வைத்து உட்கார வேண்டும். 15, 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு மெல்லிய மின்சாரம் 20 முதல் 30 நிமிடம் பாயும். எறும்பு ஊர்கிறாற்போல் இருக்கும், தண்ணீர் மட்டம் தொடும் கோட்டில் கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும். வாரம் மூன்று முறை வீதம் மூன்று நாலு வாரம் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் கை காய்ந்துவிடுகிறது. பிறகு வாரம் ஒரு தடவையோ இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவையோ செய்து தக்கவைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், உடம்பில் உலோகத் தகடு பொருத்தியவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைச் செய்யக்கூடாது. ஊசி, கத்தரி பட்ட கீறல் இருந்தால் அதன்மேல் வாசலின் தடவிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோவைக்காரர்கள் பெருமைப்படும் சிறுவாணித் தண்ணீரைப் போல உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்க வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்து போர்த் தண்ணீருக்கு அந்தக் கவலையே இல்லை. குடிக்க லாயக்கில்லாத தண்ணீர் இதற்காவது உதவட்டும்.

வீட்டிலேயே வைத்துச் செய்துகொள்ளும் மெஷின்கள் கிடைக்கின்றன. உங்களிடம் கேட்ட 45,000 ரூபாய்க்கு வெகு கீழேயே நல்லதாக வாங்கிவிடலாம். முதலில் கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ செய்து பார்த்து, கேட்கிறது என்று தெரிந்தபின் வாங்குங்கள். நம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டத் தெரியாத வீடு குறைவு. "இதென்ன பிரமாதம், நாமளே செஞ்சுக்கலாம்" என்று பழைய சார்ஜரைத் தண்ணீரில் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். ஈரக்கையும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள். உள்ளங்கை, பாதம் இரண்டுக்கும் சேர்த்தே கேட்கும், செலவும் குறைவு. ஆனால் மாத்திரைக்குக் கை எது, வாய் எது என்று தெரியாது. வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிலருக்குக் கண் மங்கும், சிறுநீர் தடைபடும். உடம்பு முழுக்க வேர்வையைக் குறைப்பதால், ஸ்டீம் அயர்ன் பக்கத்திலோ சித்திரை வெயிலிலோ நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு உடம்பு கொதித்து மயக்கம் வரவும் வாய்ப்புண்டு. முகூர்த்தம் போன்ற குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் குறைந்த அளவில் டாக்டர் எழுதித் தரலாம். அப்படியென்றால் ஒரு வாரம் முன்பே ஒரு லீவு நாளில் போட்டு ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

சரி, அந்த ஊசி

விஷம்தானே என்று கேட்டீர்கள். ஆமாம், கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியா சுரக்கும் நச்சுதான் போட்டுலினம் டாக்ஸின்; போடாக்ஸ் ஊசியில் இருப்பது அதுதான். ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர், கவிஞரும்கூட, கெட்ட சாசேஜ் தின்று நோயில் விழுந்தவர்களைக் கவனித்து 1820-களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். இந்த நச்சு கண்ணீர், எச்சில், வேர்வை எல்லாவற்றையும் வற்ற வைக்கிறது, அளவோடு கொடுத்தால் மருந்தாகலாம் என்று அப்போதே ஊகித்தவர் அவர். அமெரிக்காவில் 1989-ல் மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் அனுமதி கிடைத்தது. அக்குள் வேர்வைக்கு 2004-ல். முகச் சுருக்கம் நடுவில் 2002-ல் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனது.

அந்த அனுமதி அக்குளுக்குத்தான், உள்ளங்கைக்கு அல்ல. உள்ளங்கைக்குப் போடுவது தவறில்லை. உலகம் முழுக்கத் தோல் டாக்டர்கள் போடுகிறார்கள், பலன் இருப்பதும் தெரிந்ததுதான். அனுமதி எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று போடும் முன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

மருந்து வேலை செய்யும் விதம் எளிது. நரம்பு முனையிலிருந்து சுரப்பிக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை அது வெளியே விடாமல் தடுக்கிறது. சில நாளில் வேர்வை குறையத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் முழுப் பலன் தெரியும். நரம்பு முனை மறுபடி துளிர்க்கத் துளிர்க்க நாலு முதல் ஆறு மாதத்தில் வேர்வை திரும்ப வரும், சிலருக்கு இன்னும் தள்ளி வரும். ஆகவே 'ஒரே சிட்டிங்கில் தீர்ந்துடும்' என்பது பொய். வருஷத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் 90,000 ரூபாய், உங்கள் ஐந்து மாதச் சம்பளத்தைத் தொட்டுவிடுகிறது. புதுக் குடித்தனம் போடுகிற வருஷத்தில் இதை யோசிக்க வேண்டும்.

போடும் நாளில் என்ன நடக்கும் என்று யாரும் விவரமாகச் சொல்வதில்லை. முதலில் கையைத் துடைத்து அயோடின் பூசிக் காயவிட்டு, மேலே மாவுச்சத்துப் பொடியைத் தூவுவார்கள். வேர்க்கிற இடமெல்லாம் நிமிடத்தில் நீலக் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். தங்கள் கை இப்படித்தான் வேர்க்கிறது என்று முதல் முறையாகக் கண்ணால் பார்ப்பவர்கள் வாயடைத்து உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு பேனாவால் கட்டம் போட்டு, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில், விரல் நுனி உட்பட ஒரு கைக்கு 30 முதல் 50 இடங்களில் மெல்லிய ஊசியால் தோலுக்குள் துளித்துளியாக ஏற்றுவார்கள். ஒரு கைக்கு மருந்து வகையைப் பொறுத்து சுமார் 50 முதல் 100 யூனிட். உள்ளங்கை வலி தெரிகிற இடம், அதிலும் விரல் நுனி. மரப்புக் களிம்பு அங்கே போதாது. ஐஸ் வைத்தோ, மணிக்கட்டில் நரம்பை மரக்க வைத்தோதான் போடுவார்கள். மணிக்கட்டில் மரக்க வைத்தால் சில மணி நேரம் கை உங்கள் பேச்சைக் கேட்காது; பைக் ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

மருந்து விஷமாக மாறும் அளவுக்கும் இந்த அளவுக்கும் தூரம் அதிகம். அபூர்வமாக மருந்து பரவி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வரலாம். வந்தால் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். வீசிங் இருந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மயஸ்தீனியா போன்ற தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இந்த ஊசி கிடையாது. கையில் போடும் இந்த அளவு ஆண்களின் குழந்தைப் பாக்கியத்தைக் கெடுப்பதாகத் தெரியவந்ததில்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

கட்டைவிரல் கணக்கு

மற்றவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயத்தை உங்களிடம் நிறுத்திச் சொல்கிறேன். உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்கிறதே, அந்தச் சதை தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. சுரப்பிக்குப் போட்ட மருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் அந்தத் தசையும் மந்தமாகிவிடும். வாளி தூக்குவது, பைக் பிடிப்பது போன்ற மொத்தப் பிடி பெரிதாகக் குறையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கிற வலுதான் குறையும். சட்டைப் பொத்தான் போடுவது, சாவி திருகுவது, ஊசியில் நூல் கோப்பது இவற்றில் தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். நிரந்தரமாக நிற்பதில்லை.

ஆபீஸில் உட்கார்ந்து போன் பேசுகிறவருக்கு இது ஒரு தொந்தரவே இல்லை. துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இரண்டு துணி விளிம்பையும் சேர்த்துக் கிள்ளி, இழுக்காமல் சுருங்காமல் கத்திக்கு ஊட்டுகிற சாம்பிள் டெய்லருக்கு அப்படி இல்லை. அதனால் போட்டுக்கொள்வதென்றே முடிவானாலும் இரண்டு கைக்கும் ஒரே நாளில் வேண்டாம். முதலில் இடது கை. மூன்று வாரம் வேலை செய்து பார்த்துவிட்டு வலது கை. கட்டைவிரல் மேட்டில் அளவைக் குறைத்து, மேலோட்டமாகப் போடச் சொல்லுங்கள். ஒரு கை காய்ந்தாலே வெள்ளைத் துணி வேலை பாதி சுலபமாகிவிடும் என்று சிலர் அதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

தேதிக் கணக்கும் உண்டு. இப்போது ஆவணி முடிகிறது. புரட்டாசி முழுக்கப் பூச்சும் தண்ணீர் மின்சார வைத்தியமும் பாருங்கள். ஐப்பசியில் போனஸ் கைக்கு வரும்போது பலன் தெரிந்திருக்கும். கேட்டுவிட்டால் போனஸ் மிச்சம். கேட்காவிட்டால் கார்த்திகை முதல் வாரத்துக்குள் ஊசி போட்டால், கைப்பிடி மந்தமிருந்தாலும் முகூர்த்தத்துக்குள் தெளிந்துவிடும், பலனும் பங்குனிவரை நிற்கும். தாலி முடிச்சுப் போடுகிற வாரத்துக்கு முந்தின வாரம் மட்டும் யார் சொன்னாலும் கட்டைவிரலில் மருந்து ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

- ஊசி போடப்போவது யார்? தோல் மருத்துவம் படித்த டாக்டரா, உதவியாளரா? டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்கலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் சரிபார்க்கலாம். இது டாக்டர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து. பியூட்டி பார்லரில் போடுவதற்குத் தலையாட்டாதீர்கள்.
- எந்தக் கம்பெனி மருந்து, கைக்கு எத்தனை யூனிட்? ஒரு கம்பெனியின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமில்லை. விலை பாதி என்றால் மருந்தும் பாதியாக இருக்கலாம். குப்பியை உங்கள் கண்முன் திறந்து கலக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.
- கையெழுத்து வாங்கும் படிவம் தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பில்லில் மருந்தின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். நாளை ஏதாவது பிரச்சினை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

ஆபரேஷன் வேண்டாம், இப்போதைக்கு

மார்புக்குள் சிறு துளை வழியே கருவியை விட்டு, கைக்கு வேர்வைக் கட்டளை கொண்டுபோகும் சிம்பதெடிக் நரம்பை வெட்டுவதோ கிளிப் போடுவதோதான் அந்த ஆபரேஷன். கை காய்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடத்தில் வேர்வை கொட்டத் தொடங்குவது அடிக்கடி நடக்கிறது. கைக்கு கர்ச்சீப் வைத்திருந்தவர் நாளுக்கு மூன்று சட்டை மாற்ற வேண்டி வந்து, செய்திருக்கவே வேண்டாம் என்று வருந்துவதும் உண்டு. வெட்டிய நரம்பை மீட்க வழியில்லை. எல்லாப் படியும் ஏறிப் பார்த்து எதுவும் கேட்காதவர்களுக்கான கடைசி வழி அது. வேறு யாருக்காவது நல்லபடி முடிந்திருந்தால் சந்தோஷம், ஆனால் நீங்கள் அங்கிருந்து தொடங்காதீர்கள்.

பெண்ணிடம்

சொல்லிவிடுங்கள். தொற்று நோய் இல்லை, உயிருக்கு ஆபத்தில்லை, மறைக்கிற அளவுக்குக் குற்றமும் இல்லை. குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும் என்றில்லை, வரலாம், வந்தாலும் வைத்தியம் இருக்கிறது. பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம், அது ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது வேறு நோயாகிவிடும். நீங்கள்தான் தினமும் போனில் பேசுகிறீர்களே. "சின்ன வயசுல இருந்தே எனக்குக் கை வேர்க்குமுங்க, அதனாலதான் அன்னிக்கு மாமனுக்குக் கை கொடுக்கல, டாக்டரைப் பார்த்துட்டு இருக்கறேன்" என்று சொன்னால் போதும். கெத்து என்று பேசியவர்களுக்குப் பதிலை அந்தப் பெண்ணே சொல்லிக்கொள்வார். மாஸ்டரிடமும் டாக்டர் சீட்டைக் காட்டி, சிகிச்சை முடியும்வரை அடர் நிறத் துணியாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். நல்ல சாம்பிள் டெய்லரை விட்டுவிடத் திருப்பூரில் எந்த மாஸ்டரும் விரும்பமாட்டார்.

இன்னொன்று. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்பதால் நீங்கள் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு தோல் பிரிவுக்குப் போகலாம்; கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. ரத்தப் பரிசோதனையையும் முதல் படி மருந்துகளையும் அங்கிருந்தே தொடங்கிவிடலாம். தண்ணீர் மின்சார வைத்தியம் அங்கே உண்டா என்று போகும் அன்றே கேளுங்கள். போகும்போது அடையாள அட்டையோடு, இதுவரை போட்ட மாத்திரையின் அட்டையையும் அந்த லேகிய டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.